ஐந்து லட்சம் அட்டையும் ஆகிற செலவும்: வாசகர் கேள்வி பதில்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மக்களைத் தேடி மருத்துவம், புதிய மருத்துவக் கல்லூரிகள் என்று அரசு மருத்துவம் மாறிக்கொண்டு வருகிறது. இதற்கு யார், எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சில.

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்றால் ஒரு கோடிக் குடும்பத்துக்கு எத்தனை லட்சம் கோடி ஆகும்? கஜானா தாங்குமா? எல்லாம் நம் வரிப்பணம்தானே?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தர்மபுரி

5 லட்சத்தைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் பெருக்க வேண்டிய எண் அது இல்லை. 5 லட்சம் என்பது உச்சவரம்பு. அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டுவது பிரீமியம். 2022 ஜனவரியில் யுனைடெட் இந்தியா நிறுவனத்துடன் புதுப்பித்த ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். சுமார் 1.37 கோடிக் குடும்பங்கள் என்று வைத்துப் பெருக்கினால் 1,163 கோடி வருகிறது. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்குத் தனி நிதியம் உண்டு. அதையும் சேர்த்தால் தொகை கூடும். 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. பிரீமியத் தொகை அதில் இருபதில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் சம்பளம், மருந்து, கட்டடம், 108 வண்டி, மகப்பேறு உதவி என்று போகிறது.

849 ரூபாயில் எப்படிக் கட்டுபடியாகிறது? கணக்குக்காக ஆயிரம் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் 8.49 லட்சம். அந்த ஆண்டில் 25 குடும்பங்களில் ஒருவர் படுக்கையில் சேர்ந்து, ஆளுக்கு 30,000 ஆனால் செலவு 7.5 லட்சம், நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். 25 என்பது 40 ஆனால் 12 லட்சம். நஷ்டப்பட்டவர் அடுத்த டெண்டரில் விலையைக் கூட்டித்தான் கேட்பார். இதற்கு முந்தைய பிரீமியம் 699 ரூபாய்தான். ஆகவே 5 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எத்தனை பேர் படுக்கைக்குப் போகிறார்கள் என்பதுதான் கஜானாவின் கவலை. இந்தப் பக்கத்தில் வரும் மற்ற கேள்விகளும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கின்றன.

வரிப்பணம் என்கிறீர்கள், சரி. மாநில மக்கள்தொகையை ஏழே முக்கால் கோடி என்று கொண்டால் 21,906 கோடி என்பது தலைக்கு ஆண்டுக்கு சுமார் 2,800 ரூபாய். நாளுக்கு எட்டு ரூபாய்கூட இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கிடைக்காது. இதை ஊதாரித்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2017-ன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, அரசுகளின் மருத்துவச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22-ல் வந்து நின்ற இடம் 1.84. அதே ஆண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் சட்டைப்பையிலிருந்து நேராகப் போனது. அரசு செலவழிக்காத பணம் மிச்சமாகிவிடுவதில்லை. நகையை அடகு வைத்து நாம் கட்டுகிறோம்.

ஆனால் ஓட்டை இருக்கிறது, அதைக் கேளுங்கள். மாநிலத் திட்டத்தோடு இணைந்து நடக்கும் பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (ஆயுஷ்மான் பாரத்) பற்றி 2023-ல் வந்த தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, தமிழ்நாட்டில் ஏழே ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததைக் காட்டியது. தகுதியில்லாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கத் தாமதித்ததால் காப்பீட்டு நிறுவனத்துக்கு 22.44 கோடி கூடுதலாகப் போனது என்றும் சொன்னது. பிரீமியம் தலைக்கணக்கில் கட்டுவது. வராத ஆளுக்கும் கட்டணம் உண்டு.

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனால் மாதா மாதம் மருந்துக்கடைக்கு 1,500 ரூபாய் போகிறது. அட்டையைக் காட்டினால் கடைக்காரர் சிரிக்கிறார்.
வாசகி, பாலக்கோடு

அட்டை படுக்கையில் சேரும் சிகிச்சைக்கானது. டயாலிசிஸ், கீமோ மாதிரி அன்றே வந்து அன்றே போகும் சில சிகிச்சைகளுக்கும் செல்லும். தினமும் விழுங்கும் மாத்திரைக்குச் செல்லாது. ஆனால் வீட்டுச் செலவைத் தின்பது அந்த மாத்திரைதான்.

அதற்கான வழி வேறு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே உங்கள் பக்கத்து மாவட்டத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இருக்கும். அம்மாவை ஒரு முறை காலை வெறும் வயிற்றோடு அங்கே அழைத்துப் போங்கள். ஆதார், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். பதிவு ஆன பின்பு, நடமாட முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பார். வரவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் வீடு மாறியதாலோ போன் நம்பர் மாறியதாலோதான் பெயர் விட்டுப்போகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உயிருக்கே ஆபத்தானது. தனியார் மருத்துவர் எழுதுவது பல நேரம் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்த கலவை. சுகாதார நிலையத்தில் சர்க்கரை மருந்துகளான மெட்பார்மின் தனி, கிளிமிபிரைடு தனி. பெயரும் நிறமும் வேறாக இருப்பதால், 'அது பழைய மாத்திரை, இது கவர்மெண்ட் மாத்திரை' என்று இரண்டையும் விழுங்குகிறார்கள். அளவு இரட்டிப்பாகி, விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, வேர்த்து, நடுங்கி, நினைவு தப்புகிறது. அதற்குத்தான் பழைய மாத்திரை அட்டையைக் கொண்டுபோகச் சொன்னோம். எது எதற்குப் பதில் என்று மருத்துவரிடம் அட்டையிலேயே குறித்து வாங்குங்கள். 'கவர்மெண்ட் மாத்திரை வேலை செய்யாது' என்று பாதியில் நிறுத்துவதும் தவறு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து மருந்துகளை மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது.

சில நேரம் மருந்து இல்லை என்பார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் மாதிரி ஒரு கணக்கு உண்டு. மருந்து ஒதுக்கீட்டில் 90 சதவீதம் கழகத்தின் வழியாக, 10 சதவீதம் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்க. இந்த 10 சதவீதம் தீர்ந்த பிறகு கிடங்கில் இருப்பு இல்லையென்றால் சீட்டு வெளியே எழுதப்படும். அப்போது கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் (ஜெனரிக்) எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ வாங்குங்கள்.

இனி செலவுக் கணக்கு. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போனால் வாரம் மூன்று டயாலிசிஸ்; ஆண்டுக்கு 156 தடவை. ஒவ்வொன்றும் காப்பீட்டுத் தலையிலோ அரசு மருத்துவமனைத் தலையிலோ விழும். மாத்திரைச் செலவு அதன் கால் தூசிக்கு வராது. ஆனாலும் பட்ஜெட் வாதத்தில் மாத்திரை தோற்றுவிடுகிறது. மாத்திரைக்கான செலவு இந்த ஆண்டுக் கணக்கில் தெரிகிறது. மிச்சமாகிற டயாலிசிஸ் பத்து ஆண்டு கழித்து, வேறொரு நிதியமைச்சரின் கணக்கில்தான் தெரியும்.

இதில் ஒரு பங்கு செலவை அரசு தன் கணக்கில் எழுதுவதில்லை. வீடு வீடாக நடக்கும் தன்னார்வலர் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண். தொடக்கத்தில் அவருக்குக் கொடுத்தது மாதம் 4,500 ரூபாய். 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்ததால் அது கூலி இல்லை, ஊக்கத்தொகை. திட்டம் மலிவாக முடிகிறது என்று பாராட்டும்போது, அந்த மலிவின் ஒரு பகுதி அவர் காலில் இருக்கிறது.

ஓசூரில் சிறு தொழிற்கூடத்தில் வேலை, சம்பளம் 14,000. வருமானம் அதிகம் என்று அட்டை தரவில்லை. பெங்களூரு ஆஸ்பத்திரியில் எதுவும் கிடைக்குமா?
தொழிலாளி, ஓசூர்

குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000. அதாவது மாதம் 10,000. உங்களுக்கு ஆண்டுக்கு 1,68,000. வறுமையிலிருந்து இரண்டு படி ஏறியவரைத் திட்டம் வெளியே தள்ளும் இடம் இதுதான். 72,000-ஆக இருந்த வரம்பை உயர்த்தியும் கூலி அதைத் தாண்டி ஓடிவிட்டது.

முதலில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டைப் பாருங்கள். உங்கள் கூடத்தில் 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 21,000 வரை சம்பளம் வாங்கும் எல்லோரும் அதில் வர வேண்டும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். வெளிநோயாளி மருந்தும் அதில் உண்டு, காப்பீட்டு அட்டையில் இல்லாதது. உடம்புக்கு முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் கிடைக்கும். ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது வேலை செய்து சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, உங்களுக்கு எண் தராமல் இருந்தால் சும்மா விடாதீர்கள். ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று பதிவேட்டில் காட்டும் கூடங்களும் உண்டு.

பெங்களூரு விஷயம்: 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலில் வந்த குடும்பங்களுக்குத்தான் பிரதமர் திட்டத்தின் கீழ் வெளிமாநிலத்திலும் உரிமை உண்டு. மாநிலத் திட்டத்தில் மட்டும் சேர்ந்த அட்டையை நம்பி கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டாம். சேரும் முன்பே, உங்கள் அட்டை எந்த வகை, அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993-ல் கேட்டுவிடுங்கள்.

விபத்து மட்டும் வேறு கதை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஊரும் வேண்டாம், வருமானமும் வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த வெளிமாநில லாரி டிரைவருக்கும் உண்டு.

அட்டை இருந்தும் தனியார் ஆஸ்பத்திரியில் கூடுதலாகப் பணம் கேட்டார்கள். ரசீதும் இல்லை. கேட்டால் 'அரசு கொடுப்பது பத்தாது' என்கிறார்கள்.
விவசாயி, ஊத்தங்கரை

பட்டியலிலுள்ள மருத்துவமனையில் தொடர்பு அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும், பில் கவுண்டரை அல்ல. பணம் எங்கே நழுவுகிறது என்றால், காப்பீட்டு ஒப்புதல் வருவதற்கு முன்பு வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும்தான். 'முதலில் டெஸ்ட் எடுங்கள், பிறகு அட்டை பார்க்கலாம்' என்றால் உஷாராகிவிடுங்கள். ஒப்புதல் எந்தச் சிகிச்சைக்கு, எவ்வளவு தொகைக்கு வந்தது என்று எழுதி வாங்குங்கள். ஒப்புதலான தொகைக்குள் மருந்து, படுக்கை, அறுவை, மருத்துவர் கட்டணம் எல்லாம் அடக்கம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட் என்றால், 'நல்ல ஸ்டென்ட் வேண்டுமா, அரசு ஸ்டென்ட் போதுமா' என்ற கேள்வியும் வரும். அதற்குத் தனியாகப் பணம் கொடுப்பதற்கு முன் அலுவலரிடம் கேளுங்கள். பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். போனில் அனுப்பினால் அதுவே சாட்சி. புகாரை மேலே சொன்ன எண்ணிலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் தரலாம்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. கட்டண விகிதம் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும், காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய கிளைம் பணம் தாமதமாக வரும். சின்ன மருத்துவமனைக்கு அது வலிதான். விகிதத்தை உயர்த்தினால் பிரீமியம் ஏறும். உயர்த்தாவிட்டால் வித்தியாசம் உங்கள் மடியிலிருந்து போகும், அல்லது தேவையில்லாத அறுவையில் ஈடுகட்டப்படும். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் கட்டாயம் அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிட்டு முடிவெடுங்கள். அவசரமில்லாத அறுவைக்கு ஒரு வாரம் பொறுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அங்கேயும் ஏன் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்?
மாணவி, காரிமங்கலம்

அரசு மருத்துவமனையும் கிளைம் வாங்கலாம். அந்தப் பணத்தில் கருவி, மருந்து வாங்கவும், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தரவும் முடியும். அட்டை கொடுத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை, தாராளமாகக் கொடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக அங்கே சிகிச்சையை மறுக்க முடியாது.

கோடி கோடியாய்ப் போட்டு மருத்துவக் கல்லூரி கட்டுகிறார்கள். எங்கள் மலையில் நர்ஸ் வருவதே பெரிய விஷயம். எது முதலில் வேண்டும்?
வாசகர், சித்தேரி மலை

தர்மபுரி கல்லூரி 2008-ல் வந்தது. கிருஷ்ணகிரிக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ல் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று. அந்தப் பதினொன்றுக்கும் சுமார் 4,000 கோடி. ஒன்றிய அரசின் பங்கு 2,145 கோடி, கல்லூரிக்கு 195 கோடி. மற்றதும், அதைவிட முக்கியமாகத் திறந்த பிறகு ஆண்டாண்டுக்கும் ஆகும் சம்பளம், மின்சாரம், மருந்தும் மாநிலத்தின் பொறுப்பு. கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டலாம். சம்பளத்துக்கு ரிப்பன் கிடையாது. அதனால்தான் கட்டடம் முந்திக்கொள்கிறது.

ஆனாலும் கல்லூரி வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். அதற்கு முன்பு தலையில் அடிபட்டவரைச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ தூக்கிக்கொண்டு ஓடியதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோளாறு வரிசையில் இருக்கிறது. விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். ஆரம்ப சுகாதார நிலையம் முறையே 30,000-க்கும் 20,000-க்கும். மலையில் 3,000 பேர் என்பது ஒரே ஊர் அல்ல. சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள். தலைக்கணக்கு சரியாக இருக்கும், நடக்கும் தூரம்தான் கணக்கில் வராது. அங்கே கேட்க வேண்டியது தலைக்கணக்கு அல்ல, நடைக்கணக்கு. அதோடு செவிலியர் தங்க ஒரு வீடு, இரவில் விளக்கு, 108 வண்டி ஏறும் பாதை.

அட்டை இருந்தும் மலைக்காரர் கொடுப்பதைக் கணக்கிடலாம். ஒருவர் எட்டு நாள் தர்மபுரியில் படுத்தால், துணைக்கு ஒருவர். பதினாறு நாள் கூலி போச்சு. 2025-26-ல் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த 336 ரூபாயை வைத்தாலே 5,376. அரூருக்கு இறங்கி அங்கிருந்து தர்மபுரி போய்வர பஸ், துணைக்கு வந்தவர் சாப்பாடு, வீட்டில் ஆட்டை மேய்க்க யாரோ ஒருவருக்குக் கூலி எல்லாம் இதற்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இலவச சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புவது அறியாமையால் அல்ல, இந்தக் கணக்கால். உடன் இருப்பவருக்கு நாள்படி கொடுப்பது புதிய கட்டடத்தைவிட மலிவு, பலனும் உடனே தெரியும் என்பது எங்கள் கருத்து.

முட்டி வலி, பல் முழுக்கக் காவி. ஊரில் பாதிப்பேருக்கு இப்படித்தான். இதற்குக் காப்பீட்டில் ஆபரேஷன் உண்டா?
வாசகி, பென்னாகரம்

தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் குழந்தைகளுக்குப் பல்லும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் கெடும். எலும்பில் படிந்ததை மருந்தால் எடுக்க முடியாது. மூட்டு மாற்றுக்குக் காப்பீடு கிடைக்கலாம். ஊருக்கே மூட்டு மாற்ற எந்தக் காப்பீடும் போதாது.

அதற்குத்தான் ஜப்பான் கடனில் 1,928.80 கோடியில் ஒகேனக்கல் குடிநீர், புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் வந்து, 2013 மே மாதம் திறந்தார்கள். அரசுக் கணக்கில் அது குடிநீர்ச் செலவு. எங்களைக் கேட்டால் இந்த இரண்டு மாவட்டங்களின் மிகப் பெரிய மருத்துவச் செலவு அதுதான். பிழை எங்கே வருகிறது என்றால் கடைசித் தொட்டியில். காவிரித் தண்ணீர் குறையும் நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதே தொட்டியில் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். குழாயில் வருவதெல்லாம் ஒகேனக்கல் என்று நாமும் குடிக்கிறோம். உங்கள் தொட்டிக்குப் போர் இணைப்பு இருக்கிறதா என்று தொட்டி இயக்குபவரைக் கேளுங்கள். இருந்தால் அதைத் துணி துவைக்கவும் மாட்டுக்கும் தனிக் குழாயில் விடும்படி கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். பானை, துணி வடிகட்டி எதுவும் பயன்படாது. ஆர்.ஓ. எடுக்கும். சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் உடல் ஏற்கும் புளோரைடு குறையும். நம் ராகியில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு அது இருக்கிறது. களியை விட்டுவிடாதீர்கள், பாலும் நெல்லிக்காயும் சேருங்கள். கடுங்காப்பி பரவாயில்லை, கடுந்தேநீரைக் குறையுங்கள். தேயிலையிலும் புளோரைடு உண்டு.

நீரைச் சோதிக்க மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிய ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் விளிம்பு வரை பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். பாட்டில் மேல் ஊர், தெரு, தேதி, தொட்டி நீரா போர் நீரா என்று எழுதுங்கள். கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என இரண்டு தடவை கொடுங்கள்; இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்காது.